பூச்சில்லாத தாள்

மிக்கேலம்மாளைச் சண்டைக்காரி என்று பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் யார் வீட்டு வாசலிலும் நின்று மண்ணை வாரித் தூற்றியதில்லை. ஒரு கேள்வியை ஒரு மனிதரிடம் கேட்டாள். பதில் வரும்வரை விடாமல் கேட்டாள். அதற்குத்தான் அந்தப் பட்டம். பொய்ப் பழி போட்ட மனிதருக்கு ஊர் என்ன பட்டம் கொடுத்தது என்று கேட்டால், ஒன்றும் கொடுக்கவில்லை. திருவிழாவில் அவர்தான் முதலில் தேர்வடம் தொட்டார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

உலக மகா சண்டைக் காலம். 1942ஆம் வருஷம். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. மிக்கேலம்மாளின் புருஷன் பிலவேந்திரன், இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியதில் நிலத்தை நம்ப முடியாமல் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லைப் பக்கம் ரோடு போடப் போய்விட்டான். வீட்டில் அவளும் காது கேளாத மாமியாரும்தான். அந்தச் சமயத்தில்தான் பெரியநாயகம் புளிக் கொட்டகை போட்டார்.

பெரியநாயகமும் மிக்கேலம்மாள் பூசைக்குப் போகும் அதே மாதா கோயிலைச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் மிக்கேலம்மாளின் மாமனாரும் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். அதனால் அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். புளி வியாபாரத்தில் மேலே வந்த மனிதர். பட்டாளத்துக்குப் புளி கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டு கிடைத்ததும் ரோட்டோரம் தகரக் கொட்டகை எழுப்பி, சுற்றுவட்டாரத்துப் பெண்களை வேலைக்கு அழைத்தார். கிறிஸ்தவப் பெண்களும் வந்தார்கள், ஏரியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து குடிசை போட்டிருந்த நஞ்சம்மாளைப் போன்றவர்களும் வந்தார்கள்.

புளியைத் தட்டிக் கொட்டை எடுத்து, நார் உரித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, மரச் சட்டத்தில் அழுத்திக் கட்டியாக்குவது பாதி வேலை. மீதிப் பாதி அதைக் கண்ணாடித் தாளில் பொதிவது. ஊரில் யாரும் அதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. கையில் எடுத்தால் சரசரவென்று சத்தம் போடும். அந்தப் பக்கம் இருப்பவர் முகம் இந்தப் பக்கம் தெரியும்.

அதை எப்படி ஒட்டுவது என்று முதல் நாள் பெண்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் பெரியநாயகமேதான். சேலத்தில் போய்க் கற்றுக்கொண்டு வந்த பெருமையோடு, தாளின் இரண்டு ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கரி அடுப்பில் காய்ந்த இரும்புப் பட்டையை மேலே வைத்து எடுத்தார். ஓரம் ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்க்கச் சொன்னார். மிக்கேலம்மாள் இழுத்தாள். ஒட்டின இடம் விடவில்லை, பக்கத்தில் தாள்தான் கிழிந்தது. தாளின் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள், சூடு பட்டால் அந்தப் பூச்சு இளகி எதிர்ப்பக்கத்துப் பூச்சோடு சேர்ந்துகொள்ளும், ஈரக் காற்றை உள்ளே விடாமல் தடுப்பதும் அந்தப் பூச்சுதான் என்று அவர் விளக்கினார். பூச்சு மட்டும் இல்லையென்றால் இது வெறும் தாள் என்றும் அவரே சொன்னார். கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் கேட்டார்கள். மேஸ்திரி காளியப்பனும் கேட்டான்.

ஒரு வருஷத்துக்குக் கிட்ட வேலை ஒழுங்காக நடந்தது. பெட்டி பெட்டியாகப் புளி மொரப்பூர் ரயிலடிக்குப் போயிற்று. ஒரு புகாரும் வரவில்லை. இந்தப் புளி எங்கே போகும் என்று மிக்கேலம்மாள் ஒருநாள் காளியப்பனைக் கேட்டாள். பர்மா பக்கம்தான் போகும் என்றான் அவன். அன்றிலிருந்து அவள் ஒட்டுகிற ஒவ்வொரு கட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பாள். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளுடைய சித்தப்பா மகள் தெரசா, “அக்கா மாமனுக்குப் புளி அனுப்புது” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த வருஷ ஆடி மாசத்தில் புதுத் தாள் வந்தது. சுருளைப் பிரித்ததுமே பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. பழைய தாள் விரலில் வழுக்கும், இது வழுக்கவில்லை. ஈரக் கையில் எடுத்தால் தொட்ட இடம் துவண்டு போயிற்று. இரும்புப் பட்டையை வைத்தால் ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்தால் பழுப்பேறி, காய்ந்த சருகாக நொறுங்கியது. மிக்கேலம்மாள் கருகிய துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பெரியநாயகத்திடம் போனாள். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. சண்டைக் காலத்தில் பூச்சுத் தாள் எங்கும் கிடைக்கவில்லை, கிடைத்ததை வைத்துத்தான் வேலை நடக்கும், ஓரத்தில் பசை தடவி ஒட்டுங்கள் என்றார்.

பூச்சுத் தாள் கிடைக்கவில்லை என்பது பொய். தர்மபுரியிலேயே இன்னொரு காண்டிராக்டுக்காரர் அதே மாசம் பூச்சுத் தாளில்தான் கட்டிக்கொண்டிருந்தார். சும்மா தாள் மலிவு. அவ்வளவுதான் சங்கதி.

பசைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. கொட்டகைக்குப் பின்னால் புளியங்கொட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. அதை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினால் கோந்து மாதிரிப் பசை வரும். அதைத் தாளின் ஓரத்தில் தடவி, மேலே சூட்டுப் பட்டையை வைத்துக் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒட்டியதுபோல்தான் இருக்கும். ஆனால் பசை ஈரத்தில் ஊறும், ஈரம் தாளுக்குள்ளும் இறங்கும். ஐப்பசி மழையில் இந்தப் புளி என்ன ஆகும் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காளியப்பனிடமும் சொன்னார்கள். அவன் காதில் வாங்கிக்கொண்டு, பட்டையை இன்னும் சூடாகக் காய்ச்சச் சொன்னான். பசை சீக்கிரம் காய்ந்தால்தானே கணக்குத் தீரும்.

அப்படிச் சூடு ஏற்றினதில்தான் நஞ்சம்மாளின் கை போயிற்று. அவள் இடது கை விரல்களால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பட்டையை அழுத்தினாள். அடியில் இருந்த பசை கொதித்துப் பீய்ச்சிக்கொண்டு வந்து மூன்று விரல்களில் அப்பிக்கொண்டது. வெந்நீர் பட்டால் உதறிவிடலாம். பசையை எப்படி உதறுவது? அவள் கையை மண்ணில் தேய்த்தாள், தோலோடு வந்தது. காளியப்பன் வாழைச்சாறு பிழிந்து ஊற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினான். அவ்வளவுதான் வைத்தியம். புண் ஆறினபோது மூன்று விரலும் ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளங்கைப் பக்கம் மடங்கி நின்றுவிட்டன. பெரியநாயகம் ஒருமுறைகூட அவளைப் போய்ப் பார்க்கவில்லை. கொட்டகையில் அவளுடைய இடத்தில் வேறொரு பெண் மறுநாளே உட்கார்ந்துவிட்டாள்.

கார்த்திகையில் பெட்டிகள் திரும்பி வந்தன. கட்டை வண்டியில் கொண்டுவந்து கொட்டகை முன்னால் இறக்கி ஒரு பெட்டியை உடைத்தபோது, அடித்த நாற்றத்தில் மாடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன. பசை விட்டுப்போய்த் தாள் தொளதொளவென்று தொங்கியது. புளி கறுத்துக் குழம்பாகி, மேலே வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. அதற்குள் வண்டுகள் ஊர்ந்தன. மிக்கேலம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்தது இவ்வளவு. திரும்பி வராமல் போய்ச் சேர்ந்தது எவ்வளவோ, அதை யார் தின்றார்களோ என்றுதான் அவளுக்கு ஓடியது.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஓர் ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரியநாயகம் பெண்களை உட்காரவைத்துப் பேசினார். பேச்சு இதமாகத்தான் இருந்தது. ஆபீசர் கேட்டால், எங்கள் கை அஜாக்கிரதையால் ஒட்டு விட்டுவிட்டது, இனிமேல் ஜாக்கிரதையாக இருப்போம் என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். கூலிக்காரர் தவறு என்றால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். தாள் என்று வாயைத் திறந்தால் காண்டிராக்டு போகும், கொட்டகை மூடப்படும், இந்தப் பஞ்சத்தில் நீங்கள் எங்கே போய்க் கஞ்சி குடிப்பீர்கள் என்று கேட்டார். வானம் பொய்த்து, ராகி கண்ணில் காணாத வருஷம் அது. அவர் கேட்டதில் பஞ்சம் என்ற அந்த ஒரு வார்த்தை நிஜம்.

மறுநாள் ஆபீசர் வந்தார். தமிழ் பேசுகிற மனிதர்தான். திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு தாளைப் பிரித்தெடுத்தார், எச்சில் தொட்டு ஓரத்தில் வைத்தார், அது துவண்டதைப் பார்த்தார், கீழே போட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்த மனிதர் பெரியநாயகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்து, ஒட்டியது யார் என்று கேட்டார். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்தார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பேசி வைக்காமலேகூட இப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்வார்கள்.

தெரசா முதலில் சொன்னாள். கை அஜாக்கிரதை என்றாள், தரையைப் பார்த்தபடி. லூர்தம்மாள் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். மிக்கேலம்மாளின் முறை வந்தது.

“எங்க கை ஒழுங்காத்தானுங்க ஒட்டுச்சு” என்றாள். “தாளுல பூச்சு இல்லீங்க. நீங்க இப்பத் தொட்டுப் பாத்தீங்களே, உங்களுக்கும் தெரியுமுங்க.”

ஆபீசர் முகம் சிவந்துபோயிற்று. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா” என்றார்.

“சரிங்க. நீங்க கேக்காத ஒண்ணு இருக்குது. நஞ்சம்மான்னு ஒருத்தி இங்க ஒட்டிட்டு இருந்தா. அவ கை என்னாச்சின்னு இந்த அண்ணனக் கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. பையை மூடினார், பெரியநாயகத்தோடு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

ஆனால் பத்துப் பதினைந்து நாளில் காண்டிராக்டை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. கொட்டகை மூடப்பட்டது. மிக்கேலம்மாள் பேசியதால்தான் வந்ததா, எப்படியும் வரவேண்டியது வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பெண்களுக்கு அது தெரிய வேண்டியும் இருக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அடுப்பு எரிந்திருக்கும் என்றார்கள். தெரசா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கிணற்றடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்கள் வயிறு காய்ந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பூச்சில்லாத தாளை வாங்கின மனிதரைப் பார்த்து ஒருவரும் குடத்தை நகர்த்தவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

மிக்கேலம்மாள் கடலைக் காட்டில் கூலி வேலைக்குப் போனாள். தன் கொல்லையில் இருந்த ஒற்றைப் புளியமரத்துப் புளியைப் பாப்பாரப்பட்டிச் சந்தையில் கூறுகட்டி விற்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போனாள். பூசை முடிந்து பெரியநாயகம் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எதிரில் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“அண்ணா, பொம்பளைங்க மேல தப்பில்லன்னு எப்பச் சொல்லுவீங்க?”

முதல் வாரம் அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம், வீட்டுக்கு வா பேசிக்கொள்ளலாம் என்றார். வீட்டில் பேச ஒன்றுமில்லை, பழி போட்டது நாலு பேர் முன்னால், எடுப்பதும் நாலு பேர் முன்னால்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவர் அவளைக் கண்டதும் பக்கவாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். அவள் பக்கவாசலில் போய் நின்றாள். கோயில் சாமியார் அவளைக் கூப்பிட்டு, மன்னிப்பதுதான் கிறிஸ்தவருக்கு அழகு என்று புத்தி சொன்னார். தப்பு செய்தவர் தப்பு என்று ஒத்துக்கொண்டால் தான் அன்றைக்கே மன்னிக்கத் தயார், ஒத்துக்கொள்ளாத தப்பை எப்படி மன்னிப்பது என்று அவள் கேட்டாள்.

மாசி மாசம் புளி உலுக்கும் காலத்தில் கொட்டகை மறுபடியும் திறந்தது. பெரியநாயகம் யாரையோ பிடித்துக் காண்டிராக்டை உயிர்ப்பித்திருந்தார். ஒரே வித்தியாசம், தாளை இனிப் பட்டாளத்துக்காரர்களே அனுப்புவார்கள். வந்தது பூச்சுத் தாள். பழைய பெண்கள் எல்லோரையும் காளியப்பன் வீடு வீடாகப் போய் அழைத்தான். மிக்கேலம்மாள் வீட்டையும் நஞ்சம்மாள் குடிசையையும் மட்டும் தாண்டிப் போனான்.

பூச்சுத் தாளில் அதே கைகள் ஒட்டின. ஒரு கட்டிகூடத் திரும்பி வரவில்லை. ஒருநாள் காளியப்பன் வேலை பார்த்துக்கொண்டிருந்த தெரசாவிடம் வந்து, “இப்ப மட்டும் கை ஜாக்கிரதையாயிடுச்சா?” என்று கேட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்ற பெரியநாயகமும் சிரித்தார்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் தெரசாவுக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. அவர் சொல்லச் சொன்ன பொய்யைத்தான் அவள் சொன்னாள். அவர் கொட்டகையைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதைச் சொல்லவைத்தவரே இன்று அந்தப் பொய்யை நம்புகிறவர்போல நின்று சிரிக்கிறார். தெரசா கையில் இருந்த பட்டையை அடுப்பில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிக்கேலம்மாளின் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதைப் பெரியநாயகம் பார்த்தார். அவளோடு அத்தனை மாசமாகப் பேசாதிருந்த தெரசா அன்றும் ஒன்றும் பேசவில்லை. வந்து நின்றாள், அவ்வளவுதான். பிறகு லூர்தம்மாள் வந்தாள். சித்திரையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

ஆவணியில் மாதா திருவிழா. தேர் செய்து கொடுத்தவர் பெரியநாயகம், எனவே முதலில் வடம் தொடுவதும் அவர்தான். ஆண்கள் ஒரு வடமும் பெண்கள் ஒரு வடமும் பிடிப்பது வழக்கம். அன்று சாயங்காலம் தேர் ஜோடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மேளக்காரர்கள் தயாரான பிறகும் பெண்கள் வடம் தரையில் கிடந்தது. கொட்டகைப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றப் பெண்களும் நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்த ஜனம் என்ன விஷயம் என்று கேட்க, விஷயம் வாய்க்கு வாய் பரவியது. சாமியார் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், கடைசியில் பெரியநாயகத்திடம் வந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

பெரியநாயகம் தேர் முன்னால் வந்தார். தாளில்தான் குறை, பெண்கள் மேல் தப்பில்லை என்று முணுமுணுத்தார்.

“கேக்கலீங்கண்ணா” என்றாள் மிக்கேலம்மாள்.

அவர் இன்னொருமுறை சொன்னார். இந்தமுறை எல்லோருக்கும் கேட்டது.

“தாளுல பூச்சு இல்லைன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். பொம்பளைங்க கையில ஒரு தப்பும் இல்ல.”

பெண்கள் வடத்தை எடுத்தார்கள். தேர் நகர்ந்தது. பெரியநாயகமே அந்த வருஷமும் முதலில் வடம் தொட்டார், அதை யாரும் தடுக்கவில்லை. தெரசா அன்று அழுததாகச் சொல்வார்கள். மிக்கேலம்மாள் அழவில்லை. தேர் தெருமுனை திரும்பும்போது அவள் பெரியநாயகத்தின் பக்கத்தில் போய், “நஞ்சம்மா இங்க இல்லீங்களே, அவளுக்கு யாரு சொல்றது?” என்று கேட்டாள்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு விடுவாள் என்று நினைத்திருப்பார். இரண்டு நாள் கழித்துக் காளியப்பன் நஞ்சம்மாள் குடிசைக்கு ஒரு மூட்டை ராகி கொண்டுபோய் இறக்கினான். நஞ்சம்மாள் யார் கொடுத்தது என்று கேட்டு, தெரிந்துகொண்டு, திரும்பத் தூக்கிப் போகச் சொன்னாள். பசியில் இருந்தவள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியநாயகம் வெளியே வந்தபோது மிக்கேலம்மாள் அதே இடத்தில் நின்றாள். அவளோடு அத்தனை பெண்களும் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஏரிக்கரை வழியாக நஞ்சம்மாள் குடிசையை நோக்கி நடந்தார். பெண்கள் பின்னாலேயே போனார்கள்.

நஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்து யாருக்கோ கூலிக்கு முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கை விரல்கள் முறத்தைப் பிடிக்காது, மணிக்கட்டால் அணைத்துப் பிடித்திருந்தாள். பெரியநாயகம் முன்னால் வந்து நின்றதும் எழுந்திருக்கவில்லை. அவர் தேர் முன்னால் சொன்னதையே சொன்னார். அவளுடைய கைக்குத் தானே பொறுப்பு என்பதையும், யாரும் கேட்காமலே, சேர்த்துச் சொன்னார். கொட்டகையில் கொட்டை பொறுக்கும் வேலை தருகிறேன், ஒரு கை போதும் என்றார்.

நஞ்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வரேனுங்க” என்றாள். “ஆனா இந்தக்கா வந்தாத்தான் வருவேன்.”

அவள் மிக்கேலம்மாளைக் காட்டினாள். பெரியநாயகம் மிக்கேலம்மாளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வெட்கமா வெறுப்பா என்று சொல்வது கஷ்டம். தலையை ஆட்டினார்.

சண்டை முடிந்து காண்டிராக்டு நிற்கும்வரை இரண்டு பேரும் அந்தக் கொட்டகையில் வேலை செய்தார்கள். 1946இல் பிலவேந்திரன் காய்ச்சலோடும் ஒரு கம்பளியோடும் திரும்பி வந்தான். அங்கே புளி எப்படி இருந்தது என்று மிக்கேலம்மாள் கேட்டாள். புளியைக் கண்ணால் பார்த்ததே இல்லை, பருப்பும் சோறும்தான் என்றான் அவன். அவளுக்கு அன்று மறுபடியும் கோபம் வந்தது. அவள் பார்த்துப் பார்த்து ஒட்டின நல்ல புளி வழியில் யார் கைக்குப் போயிற்று என்று கேட்டாள். பட்டாளத்தில் அதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் என்றான் பிலவேந்திரன்.

“கேட்டிருக்கணும்” என்றாள் மிக்கேலம்மாள்.